‘மூன்றாம் ஷிப்ட்’: முதல் சில நொடிகள்

உங்கள் அறையில் அந்த ட்யூப்லைட் ரீங்கரிக்கிறது, லரீசா கென்னாதியெவ்னா. சோக்கை மாற்றச் சொல்லுங்கள். நாள் முழுக்க இதன் அடியில் உட்கார்ந்து விசாரணை செய்தால் யாருக்கும் தலை வலிக்கும். என் தொழில் அப்படி, காதில் விழுந்ததைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

கிளெபின் அம்மா கியோஸ்க்கில் கேசட் வாங்கிக் கேட்டுவிட்டு நேரே உங்களிடம் வந்ததாகச் சொன்னீர்கள். பாவம், பெற்றவளின் காது. அந்தக் கேசட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

எங்கள் குழுவின் பெயர் ‘ஒகாலினா’. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தட்டும்போது செதில் உதிருமே, அதுதான். கிளெப் சுஹானோவ் பாடுவான், கிதார் வாசிப்பான். ரினாத் ட்ரம்ஸ். ஒலிப்பதிவு நான், ஆம்ப்ளிஃபயரும் என் கைவேலைதான். தொண்ணூறாம் வருடம் மார்ச்சில், நம் நிஷ்னி தகில் நகரத்து உருக்காலைக் கலாச்சார மாளிகை நிலவறையில் ‘மூன்றாம் ஷிப்ட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தோம்.

த்ராஷ் மெட்டல் என்றால் வெறும் கூச்சல் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் கூச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். இது வேறு. கிதார் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டே போகும். ரினாத்தின் இரண்டு கால்களும் அதை விடாமல் துரத்தும். கிளெப் நம் மொழியின் கரடுமுரடான எழுத்துகளை எல்லாம் பல்லால் கடித்துத் துப்புவான். அடியில், ஆலையில் உருளைகள் ஓடும் அதிர்வு சுவர் வழியாக வந்து மைக்கில் ஏறியிருக்கும். அதை நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. அது இருப்பதால்தான் பாட்டே நிற்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்தபின்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கிரேன்காரர், “இது என் மண்டைக்குள்ள ஓடுறதுடா. நீங்க எப்படி வெளிய எடுத்தீங்க?” என்றார். என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

ஜூலையில் கிளெப் மாஸ்கோ போய்வந்தான். அங்கே எவனோ கச்சேரி ஏற்பாடு செய்கிறவன் அவன் மனதைக் கெடுத்துவிட்டான்.

“எல்லாத்தையும் திரும்பப் பதியணும் வேன்யா. கீபோர்டு சேர்ப்போம், ரெண்டு காதல் பாட்டு போடுவோம். அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா? தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்காம்.”

“அதுக்கு வேற ரீல் வேணுமே.”

“ரீலுக்கு எங்கடா போறது? இருக்கிறது ஒண்ணு. அதுமேலயே பதிஞ்சிடு.”

“பழசு அழிஞ்சிடும் கிளெப்.”

“அழியட்டும். அதுக்கு ஏன்டா எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?”

கேசட்டில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். ஆனால் நகல் நகல்தான், அந்த அடி அதிர்வு பாதி போய்விடும்.

கோடை வந்ததும் வழக்கம்போல வெந்நீரை நிறுத்திவிட்டுக் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் எர்த் கம்பியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில்தானே எல்லோரும் கட்டுகிறோம், அதன் வெந்நீர்க் குழாய் மண்ணுக்குள் போகிறதே; நாங்களும் அப்படித்தான். மூலையில் இருந்த ரேடியேட்டரின் குழாயை வெட்டி எடுத்துவிட்டார்கள். அது சும்மா சுவரில் தொங்கியது. அதில் எர்த் கட்டுவதும் மர நாற்காலியில் கட்டுவதும் ஒன்று. கிளெப் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, முழுதாகவே சொல்கிறேன். எங்கள் ஆம்ப்ளிஃபயரின் கம்பி அதுவரை கதவோரத்து ரேடியேட்டரில் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பப் பதியவிருந்த அன்று காலை நான்தான் கழற்றி மூலைக்கு மாற்றினேன்; மைக்கின் கம்பியைக் கதவோரத்திலேயே விட்டுவைத்தேன். காலில் தட்டுகிறது என்று ரினாத்திடம் காரணம் சொன்னேன்.

ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரில் வசந்தத்திலிருந்தே கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. “உன் பெட்டி கடிக்குதுடா, சங்கிலி போட்டுக் கட்டு” என்று கிளெப் கிண்டல் செய்வான். எர்த் இருந்தவரை அது வெறும் கடிதான். சரிசெய்ய அரை நாள் போதும். அந்த அரை நாளை நான் ஒதுக்கவில்லை.

நான் உட்காரும் ஒலிப்பதிவு அறையின் கதவை உள்ளே தாழிட்டேன். பதிவின்போது எப்போதும் அப்படித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரினாத் ட்ரம்ஸில் உட்கார்ந்திருந்தான், கிளெப் கிதாரோடு நின்று என்னைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரியாமல் அவன் தொடங்க மாட்டான், அதனால் ரெக்கார்டை அழுத்த வேண்டியதாயிற்று. இது நான் நினைத்திராதது. ‘மூன்றாம் ஷிப்ட்’ ஆரம்பத்திலிருந்து அழியத் தொடங்கியது. ரினாத்தின் அந்தத் தொடக்க அடி, இனி யாராலும் அப்படி வாசிக்க முடியாதது, போயே போய்விட்டது. அதற்காக நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

கிளெப் எட்டவே நின்றுகொண்டிருந்தான். “மைக்குக்கு இன்னும் கிட்ட வா, உதடு படணும்” என்றேன்.

அவனுடைய அம்மா கேட்டது அதற்கு அடுத்து வருவதை. கியோஸ்க்குகளுக்குக் கொடுக்கும் முன் வெட்டி எறிந்திருக்கலாம். நான் வெட்டவில்லை. இப்படியொரு தொடக்கம் எந்த ஆல்பத்திலும் இல்லை என்று கேசட் வாங்கும் பையன்கள் சொல்கிறார்கள். ஒலி என்று மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

ரினாத் கதவை இடித்துக்கொண்டு, “மெயின அணைடா வேன்யா, மெயின அணை” என்று கத்தினான். கேட்டது. மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டினால் ரீல்கள் தாறுமாறாகச் சுற்றி டேப் கசங்கிவிடும். வேலை தெரிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஸ்டாப்பை அழுத்தினேன். இரண்டு ரீலும் நிற்கும்வரை காத்திருந்தேன். மிச்சப் பாட்டு பத்திரமாக இருக்கிறதா என்று ஹெட்போனை மாட்டிக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். இருந்தது. அப்புறம் மெயினை அணைத்தேன். நான் அணைக்கவே இல்லை என்று ரினாத் சொல்லியிருந்தால், அது அபாண்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள், லரீசா கென்னாதியெவ்னா. ஒரு மனிதன் துடிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறவன் இல்லை நான்.