பந்து வந்த இடத்துக்கு ஓடியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, கால்பந்து கிளப் தோழர்களே, வலையை உலரப் போட்டுவிட்டு வந்திருக்கும் கெர்மோர் துறைமுகத்து நண்பர்களே, கொராந்தானின் மனைவி, எங்கள் அன்புக்குரிய சொவாசிக் அம்மையாரே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம்.

கொராந்தான் லெ பிஆன்! பதினோரு ஆண்டுகள் தடுப்பாட்டக்காரராக அவர் முன்னே நிற்க, கோல்கீப்பராக நான் பின்னே நின்றேன். அவர் முதுகைப் பார்த்தே என் இளமை போயிற்று. பிறகு கடைசிவரை நம் பயிற்சியாளர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

பாரிசில் ஆடிய அந்த அரையிறுதி மறக்குமா? கடைசி நிமிடத்தில் சேம் சைடு கோல் போட்டது யார்? நம் கொராந்தான்தான்! ஊர் திரும்பினோம். ரயிலடியில் படகுக்காரர் குவெனொலே, அடையில் சுற்றிய சொசேஜை அவர் கையில் திணித்துக் கேட்டார்: "ஏம்ப்பா, நம்ம கோல் எந்தப் பக்கம்னு கூடவா தெரியல? என் படகுல ஏறினா சுக்கானத் தொட்டுடாத!" ரயிலடியே சிரித்தது. கொராந்தானும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவருக்குக் கேப்டன் பட்டையைக் கட்டியதும் இதே ஊர்தான்.

பயிற்சியாளரானதும் அதையே வழக்கமாக்கினார். சேம் சைடு கோல் போட்டவனே அடுத்த ஆட்டத்தின் கேப்டன்! "இது தண்டனையா, பரிசா?" என்று கேட்டேன். "பந்து வந்த இடத்துக்கு ஓடினவன்தான்யா தப்பா அடிப்பான். ஒதுங்கி நின்னவனுக்கு என்ன தப்பு வரும்?" என்றார்.

சென்ற ஞாயிறு ஆட்டத்தில் நம் அணிப் பையன் தித்துவான் காலில் பட்டு, பந்து நம் கோலுக்குள் போனது. தோற்றோம். அன்று மாலை கொராந்தானுக்கு மாரடைப்பு. செவ்வாயன்று போய்விட்டார். "அந்தக் கோல்தான் மனுஷனக் கொன்னுடுச்சு" என்று பாரில் யாரோ பேசியிருக்கிறார்கள். தித்துவான் தன் பூட்ஸைக் கிளப் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

தோழர்களே, அவர் இதயம் பலவீனம் என்று மருத்துவர் எப்போதோ சொல்லிவிட்டார். சொவாசிக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திங்களன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பய ஓடினான் பாத்தியா? வேற எவன்டா அங்க இருந்தான்? பட்டைய அவனுக்குக் கட்டணும். மறந்துடாத, கிழவா!"

மறக்கவில்லை, கொராந்தான். எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் மறக்கவில்லை. நீ தொடங்கிய வழக்கத்தை நாங்கள் விடமாட்டோம்.

தித்துவான்! கதவோரம் நிற்பது தெரிகிறது. உன் பூட்ஸ் இதோ, இந்த மேசைக்கடியில் இருக்கிறது. ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம். பட்டை சொவாசிக் கையில். அதோ, எழுந்துவிட்டார். வாப்பா, அவரை நிற்க வைக்காதே.