நாய் சாகாது

அந்த மிட்டாய்ப் பெட்டிங்களையும் சேத்துதான் விலை சொன்னேன் தம்பி. ஆமா, அலமாரி, பெட்டி, அள்ளுற கரண்டி எல்லாம். சுண்ட்ஸ்வால் டவுன்ல இருந்து இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, உங்ககிட்ட என்ன பேரம்? சும்மாவே எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிருவேன், ஆனா என் வீட்டுக்காரி மாடி ஜன்னல்ல இருந்து பாத்துட்டு இருப்பா.

கடை ஓடலையாவா? நல்லா கேட்டீங்க போங்க! வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்திருக்கணும் நீங்க. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் கறி வச்சு மடிச்ச டாக்கோ ரொட்டி, சோபா, ஒரு படம். படம் எங்கிட்ட வாடகைக்கு, டிவிடியில. ரொட்டி எதிர்த்தாப்ல ஸ்டூரே மளிகையில. சனிக்கிழமை பிள்ளைங்க மிட்டாய்க்கு வரும், அதுவும் எங்கிட்டத்தான்.

ஸ்டூரே என் கூட்டாளி. ஏரி உறைஞ்சதும் ஐஸ்ல ஓட்டை போட்டு ஒண்ணா மீன் பிடிப்போம். அங்க வச்சுத்தான் கை குடுத்துப் பேசிக்கிட்டோம், நீ படம் விக்காத, நான் பால் விக்கலன்னு. எழுத்தா? எழுத்து எதுக்குங்க, கை குடுத்தாச்சுல்ல! எனக்குக் காப்பி போடக்கூட பாலை அவன் கடையிலதான் வாங்குவேன். வழியில போற லாரிக்காரன் ஒரு பாக்கெட் பால் கேட்டா, எதிர்ல போங்கன்னு கை காட்டுவேன். சிரிக்காதீங்க.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கடை ரொட்டிப் பாக்கெட்டு மேல ஒரு ஸ்டிக்கர். உரிச்சா ஒரு நம்பர். டிவியில அதை அடிச்சா படம் ஓடுமாம். அவன் கடைக்குச் சரக்கு அனுப்புற மளிகைக் கம்பெனியே ஆன்லைன்ல படம் வாடகைக்கு விட ஆரம்பிச்சிருச்சு! பனியில நடக்க வேணாம், திருப்பிக் குடுக்க வேணாம், முதல் படம் இலவசம். ரொட்டி வாங்கினவனுக்கு ரோட்டைத் தாண்டி எங்கிட்ட என்ன வேலை?

நேரா போய்க் கேட்டேன். ஏண்டா, ஐஸ் மேல நின்னு குடுத்த கையாடா இதுன்னு. வெங்காயத்தை அடுக்கிட்டே சொல்றான், ஸ்டாக்ஹோம்ல எடுத்த முடிவு, நான் வெறும் கடைக்காரன்டான்னு. ஸ்டாக்ஹோம்காரனா வந்து பாக்கெட்டை வாசல்ல அடுக்கினான்? கூட இருந்தே குழி பறிச்சுட்டான் தம்பி. அன்னிலிருந்து பேச்சில்ல. மறுநாளே நானும் பால் வாங்கி வச்சேன். ஒருத்தரும் தொடல, புளிச்சுப்போச்சு, அது வேற கதை.

எது? ஓ, டிவிடி மேல ஒட்டிருக்கிற மஞ்சச் சீட்டா? அது குன்வோர் எழுதினது, என் வீட்டுக்காரி. படிங்க, படிங்க. நடுவுல ஒண்ணும் நடக்காது, எந்திரிச்சுக் காப்பி போட்டுக்கலாம். பிள்ளைங்க பாக்கலாம், அப்பாதான் பயப்படுவார். நாய் வர்ற படமா இருந்தா, நாய் சாகாதுன்னு முதல்லயே எழுதிருவா. பாதி ஜனம் இதைப் படிக்கத்தானே வந்துச்சு! ஸ்டூரேக்குப் படம் கிடைக்கும், இது கிடைக்குமா? அந்தத் தெம்புலதான் ரெண்டு வருசம் தாக்குப்பிடிச்சேன்.

வருமானமா? அது எப்படியோ ஓடுச்சு. குன்வோர் யாருக்கோ டைப் அடிச்சுக் குடுக்கறேன்னா. மாடியில உக்காந்து தட்டிட்டே இருப்பா. சரின்னு விட்டுட்டேன், யாருக்குன்னு கேக்கல.

போன மாசம் ஒரு ஆத்திரம். எதிரி என்னதான் விக்கிறான், பாத்துருவோமே! ரொட்டிப் பாக்கெட்டு வீட்லயே இருந்துச்சு. ஆமா, அவன் கடைதுதான், குன்வோர் வாங்கினது. வெள்ளிக்கிழமை டாக்கோ இல்லாம முடியுமா? நம்பரை அடிச்சேன். அவ பக்கத்துலதான் உக்காந்திருக்கா, தட்டு மடியில. படத்தோட பேரு வந்துச்சு, அதுக்குக் கீழ ரெண்டு வரி. நடுவுல காப்பி போட்டுக்கலாம். நாய் சாகாது.

அவ திரும்பவே இல்ல. மெல்லுற சத்தம் மட்டும் நின்னுபோச்சு. அவ மாடியில உக்காந்து தட்டினது யாருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. படத்தை முழுசாப் பாத்தோம், தட்டைக் கழுவி வச்சோம். ஸ்டூரேவை ஊர் முழுக்கத் திட்டித் தீத்துட்டேன் தம்பி. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? மறுநாள்தான் கடைச் சாமான் விக்கிறேன்னு விளம்பரம் குடுத்தேன்.

சரி, அந்த முனையைப் பிடிங்க. பாத்து, படி வழுக்கும். ஏத்திட்டு மாடிக்கு வாங்க, காப்பி போட்டு வச்சிருப்பா. ஷூவைக் கழட்டிருங்க, இல்லன்னா திட்டுவா. எந்தப் படம் பாக்கலாம்னு வேணும்னா அவளையே கேளுங்க, கூச்சப்படாம சொல்லுவா. இப்பத்தான் நாட்டுக்கே சொல்லிட்டு இருக்காளே.