கதை அலமாரிக்கு இன்னைக்கு வரைக்கும்தான் கெடு

செல்போன் கவரு சார்! இந்த அலமாரியத் தூக்கிட்டு இங்க செல்போன் கவரு தொங்கவிடப் போறாளாம் எங்க அக்கா. அதோ, கல்லாவுல உக்காந்துக்கிட்டு, பேனா வாங்க வந்தவங்ககிட்ட பல்லு மொத்தமும் தெரியச் சிரிக்கிறாளே, அவதான். கடை அவ பேர்ல. நோட்டு, பேனா, பசை, ஜெராக்ஸ் எல்லாம் அவ ராஜ்ஜியம். இந்தச் சிறுகதை அலமாரி ஒன்னுதான் என் ராஜ்ஜியம். அதுக்கும் கெடு வச்சுட்டா. கடை மூடுறதுக்குள்ள ஒரே ஒரு புத்தகமாவது வித்துக்காட்டணுமாம். இல்லன்னா காலைல கார்பென்டர் வந்துடுவாராம்.

நீங்க பாருங்க, பாருங்க. என்னது... வீட்ல நாலு பேருக்கும் ஆளுக்கொரு கதைப் புத்தகமா? ரயில்ல படிக்கவா? சார், இத இன்னொரு தடவ சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா, அக்கா காதுல விழட்டும்!

மத்த கடையில கதைன்னா ஒரே குவியலாக் கொட்டி வச்சிருப்பாங்க, உருளைக்கிழங்கு மாதிரி. நான் அப்படியில்ல. வயசுவாரியா, ருசிவாரியா. மேல்தட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி படிக்கிறது. அடுத்தது, கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கிறது... அதுல பேய்க்கதை அதிகம். அதுக்குக் கீழ ரிட்டயர் ஆனவங்களுக்கு. பெரிய எழுத்து, சின்னக் கதை, ஆஸ்பத்திரி வராத புத்தகமா பொறுக்கி வச்சிருக்கேன். அடித்தட்டு குழந்தைங்களுக்கு. கை எட்டணும்ல?

பொண்ணுக்கு ஒம்போது வயசா? அப்ப கண்ண மூடிக்கிட்டு இத எடுங்க. யானை ஒன்னு வாடகைக்கு வீடு தேடுது சார். தெருத்தெருவா அலையுது, ஒருத்தனும் குடுக்க மாட்டேங்கிறான். கடைசில என்ன பண்ணுதுங்குறீங்க? மூடிக்கெடக்குற சினிமாக் கொட்டகைக்குக் குடிபோயிடுது! போயி, வீடு தராதவங்களையெல்லாம் கூப்புட்டு உக்காரவச்சு படம் போட்டுக் காட்டுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு சார்... ஏன், கீழ வச்சிட்டீங்க? நீங்களே பொண்ணுக்குச் சொல்லிக்குவீங்களா? ரொம்ப நல்லாருக்கு! எல்லாத்தையும் அப்பா வாயாலயே கேட்டுட்டா அந்தப் புள்ளைக்குப் படிக்கிற பழக்கம் எங்கேருந்து வரும்?

சரி விடுங்க. வீட்டம்மாவுக்கு என்ன, மர்மமா? இந்தாங்க. மாடி வீட்டுக்காரங்க ஊர்லயே இல்ல. ஆனா ராத்திரியானா மாடியில தண்ணி ஓடுற சத்தம். யாரு? யாரு? எனக்கு மூச்சே விட முடியல சார். கடைசில பாத்தா, வீட்டு ஓனரு! அவரு வீட்ல குழாய் ரிப்பேரு. சரிபண்ணக் கஞ்சத்தனப்பட்டுக்கிட்டு, சாவி போட்டு வந்து திருட்டுத்தனமா குளிச்சிட்டுப் போறாரு! ஹா! எப்படி?... இதையும் வச்சிட்டீங்களா. என்ன, அவங்களுக்கு மர்மம் புடிக்காதா? இப்பத்தானே புடிக்கும்னீங்க? ரெண்டு நிமிஷத்துல ருசி மாறிடுச்சாக்கும்.

அப்பாவுக்கு... காதல் கதையா? அவரே கேட்டாரா? சார், வயசுன்னு ஒன்னு... சரி சரி, மொறைக்காதீங்க. எனக்கென்ன, மேல்தட்டுலேருந்து எடுத்துத் தரேன். நான் மாஞ்சு மாஞ்சு அடுக்கி வச்சது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தாங்க. ஒரு பல் டாக்டரம்மாகிட்ட ஒரு பெரியவரு வாராவாரம் பல்வலின்னு வர்றாரு. ஆனா அவருக்கு இருக்குறது பூரா பல்செட்டு! அந்தம்மாவுக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சும், "அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்"னே சொல்லிக்கிட்டு...

போச்சு. மூணாவதும் போச்சு.

எல்லாரும் இப்படித்தான் சார். வர்றாங்க, வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குறாங்க, "அருமையா இருந்துச்சுங்க"ன்னு கையக் குடுத்துட்டுக் கெளம்பிடுறாங்க. புத்தகம் அப்படியே நிக்குது. நான் வாயத் தொறக்காம இருந்தாலே பாதி வித்துடுமாம், அக்கா சொல்றா. பெரிய வியாபாரி! எழுதிப் பாக்காம எவனாவது பேனா வாங்குறானா? அப்புறம் கதையச் சொல்லாம எப்படி விக்கிறது? பாதியில நிறுத்துனா கேக்குறவங்களுக்குத் தூக்கம் வருமா? அந்தப் பாவம் எனக்கெதுக்கு?

நையாண்டியாப் பேசுறேனே தவிர, உள்ளுக்குள்ள பயம்தான் சார். இந்த அலமாரி போச்சுன்னா நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பேப்பர் போடுற ஆளு. அவ்வளவுதான்.

உங்களுக்குன்னு கையில வச்சிருக்கீங்களே, அதப்பத்தி நான் மூச்சு விட மாட்டேன். சத்தியமா. அதுல கடைசிக் கதைய இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. மத்ததெல்லாம் வேணா... மொதக் கதைல அந்த வாட்ச்மேன் செத்துடுவாரு, அது ஒன்னும் பெரிய விஷயமில்ல... போன் வருதா? சத்தமே கேக்கலயே? பேசுங்க பேசுங்க. ஆனா போனத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க. நான் இதோ குனிஞ்சு ஒரு பை எடுக்குறேன்... சார்? சார்!

அடப்பாவி மனுஷா.

வாக்கா, வா தாயே. அளக்குற டேப்போடவே வந்துட்டியா? கடை இன்னும் மூடல, தெரியும்ல? சரி, அளந்துக்கோ. நீளம், அகலம், என் கழுத்து எல்லாத்தையும் சேத்து அள. ஓடிட்டாரு, ஆமா. வச்சிட்டுப் போன புத்தகம்தான் இது. கடைசிக் கதைய மட்டும் நான் சொல்லவே இல்ல, அதுக்குள்ள ஓட்டம்.

ஏன்னா... அது அக்கா தம்பி கதைக்கா. வெளியாளுங்ககிட்ட சொல்ல மனசு வரல. ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்காப் பேச்சுவார்த்தை இல்ல. ஒருநாள் தெரியாத்தனமா ஒரே லிஃப்டுல ஏறிடுறாங்க. நடுவழியில கரண்டு போயிடுது. கும்மிருட்டு. ரொம்ப நேரம் கழிச்சு அக்காதான் கேக்குறா, "சாப்டியாடா?"ன்னு. அப்புறம் கரண்டு வருது. கதவு தொறக்குது. வெளிய நிக்கிறவங்க எட்டிப் பாத்தா, உள்ள ஒருத்தர்தான் இருக்காங்க.

யாரா?

நீ அளக்க வந்த வேலையப் பாருக்கா.

ம்ஹூம். என்ன ஆச்சா? சொல்ல மாட்டேன். வாய மூடு, வாய மூடுன்னு எத்தன தடவ சொல்லியிருப்ப? மூடிட்டேன். ஏய், புடுங்காத, அட்டை கசங்கும்! விக்கிற புத்தகம்! அவ்வளவு ஆசையா இருந்தா கல்லாவுக்குப் போயி பில்லு போட்டுட்டு வந்து படி.

போ. அந்த டேப்ப இங்க குடுத்துட்டுப் போ.