ஞானஸ்நானத்துக்குப் போகிற வழி

ஒட்டிலியா: ஏன் நின்னுட்டே?

வெல்ட்டன்: ஓடையில தண்ணி ஏறிக் கிடக்கு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி இறங்குறது...

ஒட்டிலியா: அப்ப வீட்டுக்குத் திரும்பிடலாம்.

வெல்ட்டன்: என்னது?

ஒட்டிலியா: நீதானே சொன்னே.

வெல்ட்டன்: நீ சண்டைக்கு வருவேன்னு நினைச்சேன். கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்னதை நீ ஒத்துக்கிட்டதே இல்ல.

ஒட்டிலியா: இன்னைக்கு ஒத்துக்கிட்டேன். திரும்பு.

வெல்ட்டன்: பேச்சாயிடும். எங்க லூத்தரன் போதகர் பிலடெல்பியாவுலேர்ந்து குதிரையில வந்திருக்கார். போன அறுப்புக்கப்புறம் இன்னைக்குத்தான் இந்தப் பென்சில்வேனியா காட்டுக்குள்ள தலைகாட்டுறார். லெனர்ட்டுக்கு ஞானஸ்நானம்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.

ஒட்டிலியா: எங்க சீர்திருத்தச் சபைக்காரங்க சந்தோஷப்படுவாங்க.

வெல்ட்டன்: ஆம்பளப் பிள்ளைன்னா என் சபை, பொம்பளப் பிள்ளைன்னா உன் சபை. அப்படிப் பேசித்தானே கட்டிக்கிட்டோம்?

ஒட்டிலியா: இல்லேன்னேனா? கோயில் ஒண்ணுதான். ஒரு ஞாயிறு நீங்க, ஒரு ஞாயிறு நாங்க. அதுக்கு மரம் வெட்டினப்ப எவன் எந்தச் சபைன்னு பாத்தோமா?

வெல்ட்டன்: கூரை போட்டப்புறம்தானே சண்டை. ஜெபத்தை நாங்க ‘பிதாவே எங்கள்’னு ஆரம்பிக்க, நீங்க ‘எங்கள் பிதாவே’ன்னு ஆரம்பிக்க...

ஒட்டிலியா: நாங்க சொல்றதுதான் சரி.

வெல்ட்டன்: நான் கேக்கல. ஏன் போக வேணாங்கற, அதைச் சொல்லு.

ஒட்டிலியா: நீ ஏன் நின்னே? இதே ஓடையில மாவு மூட்டையத் தலையில தூக்கிட்டு வந்தவன்தானே நீ?

வெல்ட்டன்: மூட்டை அழாதுல்ல.

ஒட்டிலியா: ...போதகர் ஒண்ணு கேப்பார் இல்ல?

வெல்ட்டன்: என்ன?

ஒட்டிலியா: பிள்ளைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆயிருக்கான்னு.

வெல்ட்டன்: கேப்பார்...

ஒட்டிலியா: சபை முன்னால, இவனைக் கையில வச்சுக்கிட்டு, என்னால பொய் சொல்ல முடியாது.

வெல்ட்டன்: பொய்யா?

ஒட்டிலியா: பனி உருகின சமயம் நீ மாவு அரைக்கப் போயிருந்தே. எங்க போதகர் எங்கயோ போற வழியில வந்து மோர் கேட்டார். மோர் கொடுத்தேன். பிள்ளையையும் கொடுத்தேன்.

வெல்ட்டன்: மோர் குடிச்சுட்டா, குடிக்கறதுக்கு முன்னாலயா?

ஒட்டிலியா: விளையாடாதே. எனக்கு நம்ம ஹன்னிக்கல் ஞாபகம் வந்துடுச்சு. கப்பல்ல பொறந்தான், கப்பல்லயே போயிட்டான். சாக்குல சுத்திக் கடல்ல போட்டப்போ அவனுக்கு ஞானஸ்நானமும் ஆகல, பேர்கூட இல்ல. நாமளா அப்புறம் வச்சுக்கிட்டோம். ரைன் ஆத்தங்கரை வீட்டை விட்டு வந்தப்போ நான் அழல. இங்க காட்டை அழிச்சுக் குடிசை போட்டப்போ அழல. அவனுக்குத்தான்... இவனையும் அப்படி விட்டுடுவேனோன்னு பயம். வந்தவர் எந்தச் சபைன்னு பாக்கல. கோபமா?

வெல்ட்டன்: இல்ல.

ஒட்டிலியா: அப்ப ஏன் முகத்தைத் திருப்பிக்கிற?

வெல்ட்டன்: உங்க போதகரும் அதே கேள்வி கேட்டிருப்பாரே?

ஒட்டிலியா: கேட்டார். ஆகலேன்னு சொன்னேன். அது நிஜம்தானே.

வெல்ட்டன்: நிஜமில்ல. நான் ஓடைக்கரையில நின்னதும் அதனாலதான்.

ஒட்டிலியா: என்ன உளர்ற?

வெல்ட்டன்: இவன் பொறந்தப்போ அழல, ஒட்டிலியா. நீ மயங்கிக் கிடந்தே. மருத்துவச்சி வந்து சேரல. உடம்பெல்லாம் நீலம்... ஹன்னிக்கல் மாதிரியே. எங்க சபையில ஆபத்துன்னா யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். வாளித் தண்ணிய அள்ளி, லெனர்ட்னு பேர் சொல்லித் தலையில விட்டேன். பொழைப்பான்னு விடல... பேராவது இருக்கட்டும்னுதான் விட்டேன். பிதா, குமாரன்னு சொல்லி, பரிசுத்த ஆவின்னு இன்னும் முடிக்கல, வீல்னு அழுதான்.