நோயில்லாத வீட்டில் செவிலிக்கு என்ன வேலை?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! நகரமன்றத்திலிருந்து வந்து முன்வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! சலவை ஆலையில் நின்று நின்று கால் கடுத்தும், பிள்ளையை இடுப்பில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! பஃபலோ நகரின் போலந்துக்காரர் தெருவில் பிறந்து, அதே தெருவில் செவிலியாக அலைகிறவளின் வணக்கம்!

நோயில்லாத வீட்டில் செவிலிக்கு என்ன வேலை? சென்ற கோடையில் லுட்விகா என்னைக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். நோயென்று ஆள் வந்தால் போ என்பதே அதுவரை எங்களுக்கு விதி. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஆள் வருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். நான் படியேறினால் பின்னாலேயே சவப்பெட்டி ஏறும். அந்தக் கோடையில்தான் விதி மாறியது: பிள்ளை நலமாக இருக்கும்போதே போ!

போனேன். லுட்விகாவின் மடியில் கொழுகொழுவென்று அவள் பிள்ளை காஜிக். அதற்குள் கீழ்வீட்டு அப்பலோனியா முட்டைக்கோஸ் சூப்போடு அழுதுகொண்டே வந்துவிட்டாள்.

"ஐயோ லுட்விகா, போயிட்டானாடி உன் மவன்?"

"உன் வாயில மண்ணு விழ! யாருடி போனது? சப்புக்கொட்டிக்கிட்டு கெடக்கான் பாரு!"

"அப்ப நர்சம்மா எதுக்கு வந்துச்சு?"

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. சன்னலில் ஒரு பால் புட்டி, நீண்ட ரப்பர் குழாய் வைத்தது. லுட்விகா மறுநாள் ஆலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை படுத்தபடியே தானாக உறிஞ்சிக்கொள்ளப் பழக்குகிறாளாம். கழுவ முடியாத குழாய்! புளித்த பால் பூசிய குழாய்! பால் போகும் வழியிலேயே பாடையை அழைத்துவரும் குழாய்!

கத்தரியால் அதை நெடுக வெட்டி நீட்டினேன். லுட்விகா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்பலோனியா வாங்கி முகர்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் வீட்லயும் இதான் இருந்துச்சு. நீயும் வந்தே நர்சம்மா. ஒவ்வொரு புள்ளைக்கும் வந்தே. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்தே."

வெட்டிய குழாயை அடுப்பில் போட்டேன்.

என்ன கேட்கிறீர்கள்? காஜிக்கா? கடைசி வரிசையில் கத்திக்கொண்டிருப்பது அவன்தான்!

மன்றத்துப் பெரியோர்களே, நலமான பிள்ளைக்குச் செவிலி வீண் என்று பழைய விதிக்கே திரும்பப் போகிறீர்களாம். என்னிடம் வாதாட வேண்டாம். அதோ, தூணருகே நிறைமாதமாய் அப்பலோனியா உட்கார்ந்திருக்கிறாள். தன் கதையைச் சொல்லச் சொன்னவளும் அவள்தான். எழுந்து அவளருகே போங்கள். அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள், நோய் வந்த பிறகு செவிலி வருவாள் என்று!

கேட்டிருந்த செவிகளுக்கு நன்றி. பிறந்த பிள்ளைகளுக்கும், பிறக்கப்போகும் அந்த ஒரு பிள்ளைக்கும் என் வணக்கம்.