உள்ளான்கள் எழும்பும் வரை

பறவைக்குக் கல்லெறிந்து படம் பிடிக்கிறவனை என் கண்ணில் காட்டக்கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. வாவிக்கரையில் இப்போது அந்தக் கூட்டம்தான் அதிகம். ஒருவன் கை தட்டுவான், இன்னொருவன் மோட்டார் சைக்கிள் ஹோர்னை அமுக்குவான், சேற்றில் இரை தேடும் உள்ளான் குருவிகள் பதறிப் பறக்கும். பின்னேரத்துக்குள் 'இயற்கையின் நடனம்' என்று முகநூலில் ஏற்றிவிடுவார்கள். கீழே ஊரே வரிசையில் நின்று மாஷா அல்லாஹ் போடும். நான் ஒரு பறவையையும் விரட்டியதில்லை. சேற்றில் படுத்துக் காத்திருப்பேன். அவை தாமாக எழும்ப வேண்டும்.

காத்தான்குடியில் என் ஸ்டூடியோ எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கல்யாண அல்பம்தான் பிழைப்பு. மணப்பெண்ணின் முகப்பருவை அழிப்பேன், கத்தாரில் நிற்கும் தம்பியைக் குடும்பப் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவேன். கேட்கிறார்கள், செய்கிறேன். பறவைப் படத்தில் அந்தக் கதையே இல்லை. வெளிச்சத்தைத் திருத்துவேன், வேண்டாத குப்பையை நீக்குவேன். இல்லாத ஓர் இறகைக்கூடச் சேர்க்கமாட்டேன்.

நான் அனுப்பிய உள்ளான் படத்தில் அதைத்தான் கொழும்புப் புகைப்படப் போட்டிக்காரர்கள் சந்தேகித்தார்கள். இத்தனை உள்ளான்கள் ஒரே நேரத்தில் இப்படி எழும்பாதாம், நான் ஒட்டியிருக்கிறேனாம், கமராவில் விழுந்த அசல் படத்தை அனுப்ப வேண்டுமாம். ஏசி அறையை விட்டு வெளியே வராதவர்கள் எனக்கு உள்ளானைப் பற்றிச் சொல்கிறார்கள். பேசாமல் போட்டியிலிருந்து விலகியிருந்தால் தப்பியிருப்பாயே என்கிறீர்கள். ஒட்டுவேலைக்காரன் என்ற பெயரோடா? அனுப்பினேன். ஒவ்வொரு பறவையாக எண்ணிப் பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அவர்களோ பறவைகளை விட்டுவிட்டு, கீழே தண்ணீருக்கு மேல் தெரிந்த தலையையும் கையையும் பார்த்திருக்கிறார்கள்.

அது றுமைஸ். என் தங்கை றஸீனாவின் மாப்பிள்ளை.

அவர் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ் கொண்டுவந்தார். கொக்கையும் நாரையையும் பிரித்தறியத் தெரியாது, லென்ஸ் மட்டும் என்னுடையதைவிடப் பெரியது. அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மச்சான், மச்சான் என்று என் பின்னாலேயே அலைந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

மழைவெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிய மறுநாள் காலையில் இருவரும் போனோம். வெள்ளம் கடலுக்கு இறங்கியதும் வாவியில் சேறு வெளிக்கும், உள்ளான்கள் வந்து கூடும். மண் அள்ளிய பழைய குழிகள், சேறு மூடி, அந்தக் கரையில் எங்கெங்கே கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம்கூடப் படுத்திருக்க முடியாமல் லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"புடிங்க மச்சான். நான் அங்கால சுத்திப் போய்க் கலைச்சு விடுறன், நீங்க எடுங்க."

கலைத்துவிடுவாராம். கேட்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும், "பாத்துப் போங்க," என்று சொன்னேன். என் கடமை அவ்வளவுதான்.

அவர் குழியில் இறங்கியதை அவருடைய லென்ஸுக்குள்தான் பார்த்தேன். நல்ல லென்ஸ், முகம் தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு தோணி கிடந்தது, அதில் கயிறும் இருந்தது. ஆனால் நான் எழுந்தால் உள்ளான்கள் கலைந்துவிடும்.

மீன்பிடிக்கப் போனவர்கள் அவருடைய மையித்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொண்டுவந்தார்கள். தனியாகப் போய்த் தண்ணீரில் தாழ்ந்துவிட்டார் என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். லென்ஸ் தண்ணீரோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள். றஸீனா இப்போது விதவையாக, வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தாவில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் அண்ணன் என்னிடம் ஒரே கேள்விதான்.

"அவங்க கடைசியா என்னயும் சொன்னாங்களாமா, காக்கா? ஆருட காதுலயும் விழுந்திச்சாமா?"

"நான் அங்க இல்லையே தங்கச்சி," என்பேன். வேறு என்ன சொல்வது?

படத்தைத் திருத்துவதும் நீங்கள் நினைப்பது போலப் பெரிய வேலை இல்லை. தலையும் கையும் முகப்பரு மாதிரி, தொட்டால் போய்விடும். சுற்றியிருந்த நீர்வட்டங்களை அழிப்பதுதான் கண்ணைக் கெடுத்தது.

இத்தனை உள்ளான்கள் ஒரே நேரத்தில் எப்படி எழும்பின என்று போட்டிக்காரர்கள் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. "மச்சான்!" என்று அவர் கத்திய சத்தத்தில் எழும்பின. முதல் தரம் கத்தியபோது பாதிதான் எழும்பி, திரும்பவும் இறங்கிவிட்டன. ஆகவே அவர் இன்னொரு தரம் கத்தும் வரை, ஒரு பறவையையும் விரட்டாமல், காத்திருந்தேன்.