மாதா நீலத்தில் நான்கு போர்வைகள்

ஒரு வேலையைத் தொடங்குவதில் எனக்குள்ள சுறுசுறுப்பு, அதனை முடிப்பதில் ஒருபோதும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. விசாரணைக்கு வந்த வைத்தியராகிய தாங்கள் கேட்டு, அதன் பின்னர் நான் வெட்கப்படுவதைக் காட்டிலும் இதுவே நன்று.

பதுளையிலே முப்பத்தோராண்டு பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தேன். பத்துப் பேரின் பிழையைத் திருத்துபவளுக்குத் தன் ஊசியில் நூல் கோக்க நேரம் கிடைப்பதில்லை என்பது என் பழைய சமாதானம். ஓய்வு பெற்று நேரம் கிடைத்த பின்னரும் நிலை மாறவில்லை. தபசு காலத்துக்கென்று ஆரம்பித்த ஊதா விரிப்பில் சிலுவைக்கு ஒரு கை மட்டும் இருந்தது. பாஸ்குத் திருநாளின் தலையணை உறையில் ஆட்டுக்குட்டி மூன்று காலில் நின்றது. நத்தார்க் குடிலுக்கான சிறு விரிப்பில் இரண்டு இராசாக்கள் வந்துசேர்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் இரண்டு ஆண்டுகளாக வழியில் இருந்தார்.

எங்கள் கோவிலில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் பன்னிருவர். ஆண்டுதோறும் கார்த்திகையில் பண்டாரவளைக் கன்னியர் மடத்தில் எங்களுக்கு மூன்று நாள் தியான ஒடுக்கம் நடைபெறும். மௌனமாகச் செபிப்போம், மௌனமாகத் தைப்போம். அதற்கொரு நியமம் உண்டு. புறப்படுவதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அவரவர் ஏற்றுக்கொண்ட சிறு வேலைகள் அனைத்தையும் முடித்துப் பீடத்துப் படியில் வைத்தல் வேண்டும். குறை வைத்தவளுக்கு வண்டியில் இடமில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இடமிழந்தால் பெயரையே நீக்கிவிடுவார்கள். எனக்கு இரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்திருந்தன.

சென்ற ஆண்டு நான் வைத்தது ஒரேயொரு குழந்தைப் போர்வை. துணியை வெந்நீரில் அவித்து உலர்த்திய பின்னரே கத்தரி வைக்கவேண்டும் என்பது நான் கற்பித்த முதற்பாடம், அவ்வாறே செய்திருந்தேன். மாதாவுக்குரிய நீலம் வெளுத்துச் சாம்பலாயிற்று. எங்கள் தலைவி லூசியா அதனை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க டீச்சரம்மா, மாதாவுக்குக் காய்ச்சலா?"

கோவிலே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சற்று நேரம் சிரித்ததாக நினைவு.

ஆகவே இவ்வாண்டு பிடிவாதமாக உட்கார்ந்தேன். சிலுவைக்கு மறு கை கிடைத்தது. ஆட்டுக்குட்டிக்கு நான்காம் கால் வந்தது. அது மற்ற மூன்றையும்விடச் சற்று நீளம், ஆயினும் கால்தான். மூன்றாம் இராசாவும் ஒருவாறு வந்துசேர்ந்தார். எஞ்சியவை நான்கு குழந்தைப் போர்வைகள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் புதிதாகப் பிறந்து, ஞானஸ்நானம் பெறவிருந்த நான்கு பிள்ளைகளுக்கு அவற்றைத் தருவதாக நானே முன்வந்து சொல்லியிருந்தேன். அடித்துணி இருந்தது, உள்ளே வைக்க இலவம்பஞ்சு இருந்தது. மேலே வைத்துத் தைக்க நீலம் இல்லை.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் அஸீஸ் நானாவிடம் கேட்டேன்.

"நீலம் முடிஞ்சி போச்சி, டீச்சர். பண்டாரவளையில ரயிலால இறக்கித்தான் வெச்சிருக்காங்க. வண்டிக்காரன் மாட்டைக் குத்தம் சொல்றான், மாடு மழையைக் குத்தம் சொல்லுது. பச்சை இருக்கு, தரட்டா?"

மாதாவுக்குப் பச்சை உடுத்தினால் லூசியா என்ன சொல்வாள் என்று எண்ணிக்கொண்டே திரும்பினேன்.

அப்பொழுது ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டில் போட்டிருந்தார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். வைசூரி கண்டவர்களுக்குக் கஞ்சி ஊட்டும் பணி என்னுடையது. சிறுவயதிலேயே எனக்கு அந்நோய் வந்துபோயிற்று, மறுமுறை அண்டாது. என் முகத்திலுள்ள தழும்புகளை எண்ணிச் செபிக்க ஒரு செபமாலை போதாது. அக்காரணத்தினாலேயே இறந்தவர்களின் துணிகளை எரிக்கும் பொறுப்பையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் என் முகத்தால் எனக்குக் கிடைத்த பதவி அது ஒன்றே.

மதலேனா என்னும் இளம்பெண் அங்கே கிடந்தாள். மணமாகி ஆறு மாதம். கலியாணச் சேலையையே போர்த்திக்கொண்டிருந்தாள். நல்ல அழுத்தமான நீலம்.

"டீச்சரம்மா, நான் போனப்புறம் இதை எரிச்சிருங்க. வேற யாரும் கட்டவேணாம்."

"சரி, பிள்ளை," என்றேன். சேலையின் கரையை விரலால் தடவிப் பார்த்தேன். நெருக்கமான நெசவு, ஊசிக்கு இதமானது.

அவள் செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். பாயையும் தலையணையையும் எரித்தேன். சேலையை எரிக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதாகக் கருதவேண்டாம். அதனை வேறு யாரும் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு போர்வைகளும் பீடத்துப் படியில் இருந்தன. லூசியா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

"இதுதாங்க டீச்சரம்மா நீலம்கிறது. இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

வண்டியில் எனக்கு முன்னிருக்கை கிடைத்தது. மடத்தில் மூன்று நாளும் மௌனம் ஆகையால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதைவிட எனக்குப் பொருத்தமான பக்தி முயற்சி வேறில்லை. அங்கே எல்லோரும் சேர்ந்து தைக்கும் பெரிய போர்வையின் நடுத்துண்டை என்னிடமே தந்தார்கள். அந்த மூன்று நாளும் என் வாழ்நாளில் மிக நிறைவானவை என்பதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

திரும்பியதும் போர்வைகளை நானே லயங்களுக்குக் கொண்டுபோனேன். நல்லம்மா என்பவள் தன் பெண்குழந்தையை அதில் சுற்றி, முகத்தருகே வைத்து மோந்தாள்.

"வேப்பிலை வாசம் வருதுங்களே, டீச்சரம்மா."

"நல்லதுதானே, பூச்சி அண்டாது," என்றேன்.

அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. "காலையில பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கே தூக்கிட்டுப் போயி எல்லாத்துக்கும் காட்டப் போறேங்க," என்றாள்.

போர்வையைத் தொட்ட மற்றப் பெண்களுக்கெல்லாம் முன்னரே அம்மை குத்தியிருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு இன்னும் குத்தியிருக்கவில்லை. இது எனக்குத் தெரியுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியும். ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் சிந்தையில் இருந்தது பீடத்துப் படி மட்டுமே.

நான்கு கிழமைக்குள் நான்கு குழந்தைகளும் இறந்தன. நல்லம்மாவின் பிள்ளை கடைசி. அஸீஸ் நானாவின் கடைத் துணியால் நோய் வந்ததென்று ஊரார் பேசினார்கள். கடைக்கு யாரும் போகவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. கேளாத கேள்விக்கு விடை சொல்லக்கூடாது என்று வகுப்பில் நானே கண்டித்ததுண்டு. தாங்கள் வந்து கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இடையில் கழிந்தவை ஒன்பது நாட்கள். வழக்கம்போல் தொடங்கியதை முடிக்கத் தாமதமாயிற்று.

லூசியா நேற்று என்னைப் பார்க்க வந்தாள். உட்கார்ந்து அழுதாள். அடுத்த கார்த்திகைக்கு என் பெயர் இருக்குமா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். தருணம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

துணியை அவித்தீர்களா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். நோயாளியின் துணியை அவித்தால் நோய் போய்விடும் என்பதை அறியாதவளல்ல நான். அதையும் முப்பத்தோராண்டு கற்பித்திருக்கிறேன். ஆனால், ஐயா, நீலமும் போயிருக்கும்.